‘ரிலக்டன்ட்’: வேண்டாவெறுப்பு குறித்து ஓர் ஆய்வு

‘ரிலக்டன்ட்’ என்பது மனமில்லாமல் இழுத்தடிப்பவரைச் சுட்டும் ஆங்கிலப் பெயரடை. இவர் மாட்டேன் என்று முகத்திலடித்தாற்போல் சொல்வதில்லை. சொல்பவர் ‘அன்வில்லிங்’, அவரிடம் ஆராய ஒன்றுமில்லை. ரிலக்டன்ட் ஆசாமியோ முணுமுணுப்பார், நேரம் கடத்துவார், பெரும்பாலும் கடைசியில் செய்தும் தொலைப்பார்.

மல்லுக்கட்டுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையே இதன் வேர். 1667இல் வெளிவந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் சாத்தான் பாம்பாக உருமாறுகையில் எதிர்த்துத் திமிறுகிறான். அங்கே கவிஞர் மில்டன் போட்டிருப்பது இந்தச் சொல்தான். பிற்காலத்தில் திமிறல் உடம்பை விட்டு மனத்துக்குள் போய்விட்டது.

உடம்பால் திமிறும் பழைய வழக்கத்தை இன்றும் கட்டிக்காப்பது பிரிட்டனின் மக்களவை. புதிதாகத் தேர்வான சபாநாயகரைச் சக உறுப்பினர்கள் கையைப் பிடித்து நாற்காலிவரை இழுத்துப் போவார்கள். அவரும் வர மறுப்பதுபோல் பின்வாங்குவார். ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. மன்னருக்குப் பிடிக்காத சேதியை அவை சார்பில் கொண்டுபோக வேண்டியவர் சபாநாயகர். 1394க்கும் 1535க்கும் இடையில் ஏழு சபாநாயகர்களின் தலை வெட்டப்பட்டது. இன்று தலைக்கு ஆபத்தில்லை. சம்பளம் உண்டு, நாடாளுமன்ற மாளிகையிலேயே வீடும் உண்டு. ஆனாலும் இழுப்பது நிற்கவில்லை. மெய்யான தயக்கம், சடங்குக்கான தயக்கம் என இதை இரண்டாகப் பகுக்கலாம். ஆங்கில இலக்கணம் இரண்டுக்கும் ஒரே பெயரடையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

‘ரிலக்டன்ட்’டின் பங்காளி ‘லோத்’. இது இன்னும் அழுத்தமானது, கொஞ்சம் புத்தக வாடை வீசுவது. ‘ரிலக்டன்ட்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும்: ‘ரிலக்டன்ட் விட்னஸ்’ என்றால் வாய் திறக்கத் தயங்கும் சாட்சி. ‘லோத் விட்னஸ்’ என்று யாரும் எழுதுவதில்லை. அந்தச் சாட்சி ‘லோத் டு ஸ்பீக்’ என்றே இருப்பார். ‘லோத்’தின் கடைசியில் ஓர் ‘இ’ எழுத்து சேர்ந்தால் அது அருவருத்தல் என்னும் வினையாகிவிடும், கடைசி ஒலியும் மாறும். விருந்திலிருந்து கிளம்ப மனமில்லை என்று எழுத வந்தவர் இந்த ஓரெழுத்தால் குமட்டலை வரவழைத்துவிடுவார். ஆங்கிலேயரே அடிக்கடி சறுக்கும் இடம் இது.

‘அவெர்ஸ்’ என்பதும் இந்தக் குடும்பமே. ஆனால் எதிர்மறையில் வந்தால் அதை நம்பக் கூடாது. ஒரு கோப்பை மதுவுக்குத் தாம் ‘நாட் அவெர்ஸ்’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், ஊற்றச் சொல்கிறார் என்று பொருள்.