கற்பிட்டிக்கு ஒரு மோட்

2020-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஃபிளைட் சிமுலேட்டரில் உலகம் முழுவதும் பறக்கலாம், இலங்கையின் புத்தளம் களப்புக்கு மேலேயும். செய்மதிப் படங்களைப் பார்த்து வீடுகளையும் மரங்களையும் மென்பொருளே நட்டுவிடும். மெல்பேர்ணில் யாரோ, அந்த மென்பொருள் நம்பும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் 2 மாடியை 212 என்று தட்டிவிட, சாதாரணக் குடியிருப்பு ஒன்றில் ஊசிபோல ஒரு கோபுரம் எழும்பி வானைக் குத்தியது.

இதையெல்லாம் சீர்செய்யத்தான் 'மோட்' எனும் மாற்றுக் கோப்பு. ரசிகர்கள் சம்பளமில்லாமல் செய்து தருவார்கள். 'கம்யூனிட்டி' கோப்புறையில் போட்டால் காட்சி துலங்கும். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம்.

புத்தளம் கரையிலும் மோட் போட்டவர்கள் உண்டு, கணினியே இல்லாமல். 1980களில் இறால் பண்ணை வந்தது. களப்போரக் கண்டல் காடுகள் பல சதுரக் குளங்களாயின. 1996-இல் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தது, குளங்கள் பல கைவிடப்பட்டன. சதுரங்கள் மட்டும் செய்மதிப் படத்தில் வெகு துல்லியம்! பிறகு கற்பிட்டிப் பக்கம் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம்: புகை, நிழல் எல்லாம் முழுத் தரம், கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை.

2016-இல் சிலாபத்துக்கு அருகே உலகின் முதல் கண்டல் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். பழைய பதிப்பு எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புவோருக்கு வசதிதான்.