பதினொன்று எப்படிச் ‘சிலர்’ ஆனது?

பெறுநர்: ஆந்திரப் பிரதேச மருத்துவ, சுகாதாரத் துறை.
நகல்: திருமலை திருப்பதி தேவஸ்தானம்; மத்திய சுகாதார அமைச்சகம்.
பொருள்: கொரோனா எவ்வளவு பரவியது, எவ்வளவு கொன்றது என்று கணிக்கும் தங்கள் முறையைப் பாராட்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வீட்டில் தமிழும் ஆபீசில் தெலுங்கும் பேசும் சித்தூர்க்காரன் எழுதுவது. புது வகை வைரஸ் என்று செய்தி வந்தால் போதும், “எவ்வளவு பரவியிருக்கு? பழைய மாதிரி ஆளைக் கொல்லுமா?” என்று எங்கள் டீக்கடையில் வாக்குவாதம் தொடங்கிவிடும். இனித் தங்கள் வழியிலேயே தீர்ப்புச் சொல்வதாக இருக்கிறோம்.

முதலில் பரவல். 2020 ஜூலையில் தேவஸ்தான ஊழியர்கள் சுமார் 140 பேருக்குத் தொற்று. அவர்களில் 14 பேர் அர்ச்சகர்கள். பக்தர்களால் பரவியதற்குச் சான்றில்லை என்றார் தேவஸ்தானத் தலைவர், தரிசனம் நிற்கவில்லை. நியாயம்தான். லட்டோடு சென்னைக்குத் திரும்பியவருக்கு அங்கே காய்ச்சல் கண்டால் அது சென்னைக் கணக்கு. திருமலைக்கு அதில் என்ன சம்பந்தம்?

அடுத்தது கடுமை. 2021 மே 10 இரவு, திருப்பதி ரூயா மருத்துவமனை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் டேங்கர் தாமதமானது. 11 பேர் இறந்ததாக அரசே அறிவித்தது. ஜூலையில் மத்திய அரசு மாநிலங்களவையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்றது. ஆகஸ்டில் தங்கள் பதில் மத்திய அரசுக்குப் போய்ச் சேர்ந்தது: தொட்டியை நிரப்புவதற்கும் மாற்று ஏற்பாட்டை இயக்குவதற்கும் இடையில் குழாயில் அழுத்தம் குறைந்ததாம், வென்டிலேட்டரில் இருந்த ‘சிலர்’ இறந்தார்களாம். மூன்றே மாதத்தில் பதினொன்றைச் ‘சிலர்’ ஆக்கிய கணிதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராதது.

2022 ஜனவரியில் தங்கள் பட்டியலில் மாநிலம் முழுக்க இறந்தவர்கள் சுமார் 14,500 பேர். கொரோனா சாவுக்கான 50,000 ரூபாய் நிவாரணம் கேட்டு வந்த விண்ணப்பங்களோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உச்ச நீதிமன்றம் தலைமைச் செயலாளரையே கூப்பிட்டு, பணம் ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்டது. நீதிபதிகளுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. இங்கே சாகாதவர்களுக்கும் சொந்தக்காரர்கள் மனுப் போடுவார்கள் போலும்.

டீக்கடையின் சார்பில் மூன்று கோரிக்கைகள். தொற்று எத்தனை என்று சொல்லும்போது, எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். சோதனையை நிறுத்தினால் தொற்றும் நின்றுவிடும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் ஆக்சிஜனில் இருக்கிறார்கள் என்று வாரந்தோறும் அறிவியுங்கள். மண்டல வாரியாக, எந்தக் காரணமானாலும் சரி, மாதம் எத்தனை மரணம் பதிவானது என்று வெளியிடுங்கள். முந்தைய வருஷங்களின் எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும்.

காரணம் எழுதும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். கழித்தல் கணக்கை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலில் இன்னும் ஏறாத ஒருவன்