சின்ன விமானம், பெரிய வேலை

கேள்வி: லட்சத்தீவுக்கு இன்னும் விசிறி சுழலும் சின்ன விமானம்தானா? நஷ்டத்தில் அதை ஓட்டத்தான் வேண்டுமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: விமானத்தின் அளவைத் தீர்மானிப்பது ஓடுபாதை. மதுரை ஓடுபாதையின் நீளம் சுமார் 2,285 மீட்டர். 1988-இல் திறக்கப்பட்ட, லட்சத்தீவின் அகத்தி விமான நிலையத்துக்குக் கிடைத்ததோ சுமார் 1,200 மீட்டர். அதைத் தாண்டினால் கடல். மதுரைக்கு வரும் ஏர்பஸ்ஸுக்கு அது போதாது. ஏடிஆர் டர்போபிராப் விமானத்துக்குப் போதும். அதன் விசிறி குறைந்த வேகத்திலேயே பலமாக இழுக்கும். தரையைத் தொட்டதும் இலைகளின் கோணம் மாறி, எதிர்ப்பக்கம் தள்ளி வேகத்தைக் குறைக்கும். இது பழைய தொழில்நுட்பம் அல்ல, இடமறிந்த தொழில்நுட்பம். ஓடுபாதையை நீட்டினால் என்ன என்பார்கள். நீட்ட இருப்பது பவளப்பாறையும் களப்பும்தான். அலையைத் தடுத்துத் தீவைக் காக்கும் பாறையை உடைத்து வளர்ச்சி தேடுவது தற்கொலை.

அடுத்து, நஷ்டம். 2011 கணக்கெடுப்பின்படி லட்சத்தீவில் 64,473 பேர் 10 தீவுகளில் வாழ்கிறார்கள். விமான நிலையம் அகத்தியில் மட்டும்தான். மற்றத் தீவினருக்குக் கப்பலோ ஹெலிகாப்டரோதான் கதி. உசிலம்பட்டி தாண்டிய கிராமத்துக்கு டவுன் பஸ் விடும்போது லாபம் பார்க்கிறோமா? மேற்படிப்புக்கும் பெரிய மருத்துவமனைக்கும் கொச்சியை நம்பியிருப்பவர்களுக்கு விமானம் ஆடம்பரமல்ல, உரிமை. சிறு ஊர்களுக்கும் விமானம் விட 2016-இல் வந்த உடான் திட்டத்தின் மானியம், ரயிலும் நாற்கரச் சாலையும் உள்ள ஊர்களைவிட, கடலைத் தவிர வேறு வழியில்லாத தீவுகளுக்கே முதலில் போக வேண்டும்.