அனகொண்டா யாருடைய பாம்பு? எருமை வழி ஓர் ஆய்வு

'அனகொண்டா' என்ற ஆங்கிலச் சொல் இன்று குறிக்கும் பாம்பு அமேசான், ஒரினோக்கோ ஆறுகளின் சேற்று நீரில் வாழ்வது. பாம்புகளில் எடை கூடியது. பெயர் மட்டும் இலங்கையிலிருந்து போனது. ஆங்கில இயற்கையியலாளர் ஜோன் றே 1693இல் வெளியிட்ட விலங்கு நூலில், லெய்டன் அருங்காட்சியகத்துப் பாம்புப் பட்டியலைக் கொண்டு, இதை இலங்கையர் வழங்கும் பெயராகப் பதிந்தார். லத்தீனில் அவர் தந்த தலைப்பு 'இந்திய எருமைப் பாம்பு'. எருமைகளின், பிற சுமை விலங்குகளின் உறுப்புகளை நொறுக்குவது என்பது விளக்கம்.

அறிஞர்கள் பின்னர் பாம்பையே துருவினார்கள். எருமையை ஒருவரும் விசாரிக்கவில்லை. இக்குறையைத் தீர்க்கத் தகுந்த இடம், எருமைத் தயிருக்குப் பேர்போன, திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா. இப்பக்கத்துப் பெரும்பாம்பு வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு. அது இரையைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்துமே தவிர எலும்பை நொறுக்குவதில்லை. முயலும் ஆடும் அதன் வாய்க்கு அடங்கும். வளர்ந்த எருமையோ பல நூறு கிலோ. இறுக்கினாலும் அசைபோடுவதை நிறுத்துமா என்பது ஐயம்.

அக்காலச் சாட்சி ஒருவர் உண்டு. கிண்ணியாவை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் 1660இல் சிறைபிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் இருந்து தப்பி, 1681இல் நூல் வெளியிட்டார். பிம்புரா என்னும் பெரும்பாம்பு மானைக் கொம்போடு விழுங்கும், சில வேளை அக்கொம்பே வயிற்றைக் கிழித்து அதைக் கொல்லும் என்கிறார். ஆக, மான்வரை சாட்சியம் உண்டு. எருமை பற்றிப் பேச்சே இல்லை.

இனி, 'அனகொண்டா' தமிழா சிங்களமா என்ற சொற்பிறப்பு வழக்கு. இதில் தமிழ்க் கட்சியின் ஆதாரம், யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி. 'ஆனைகொன்ற' என்பது மூலமாகலாம் என்று அது சொல்கிறது. ஒலி அழகாகவே பொருந்துகிறது. கிண்ணியாவில் யானை இன்றும் ஆனைதான். தடை இலக்கணத்தில் இல்லை, வயலில் இருக்கிறது. ஆனையைக் கொல்லும் பாம்பு ஒன்று இருந்திருந்தால், விவசாயி பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டி வந்திராது.

சிங்களக் கட்சி காட்டும் சொல் 'ஹெனகந்தயா'. ஹென என்றால் மின்னல், கந்த என்றால் தண்டு. இன்றைய அகராதிகள் பெரும்பாலும் இதையே ஏற்கின்றன. ஆனால் அப்பெயருக்குரியது விரற்பருமனுள்ள, கொடிபோன்ற மரப்பாம்பு. பல்லி, ஓணான் பிடித்துப் பிழைப்பது. எருமையின் வாலைக்கூட அது நொறுக்காது.

எனவே தீர்ப்பு இது: சொல் சிங்களத்துக்கு, ஓசை தமிழுக்கு, பாம்பு பிரேசிலுக்கு. லெய்டன் பட்டியலில் எருமையைச் சேர்த்த கை யாருடையது என்று தெரியும்வரை கிண்ணியாவின் உரிமைக் கோரிக்கை நிலுவையில் வைக்கப்படுகிறது.