தட்டெடுத்த படலம்

சாப்பாட்டு விஷயத்தில் நான் சாது. போட்டதைச் சாப்பிடுகிறவன் என்று ஊர் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்திருக்கிறேன். போடுவதற்கு ஒருத்தி இருந்தாள், சாப்பிட்ட தட்டை எடுப்பதற்கும் அவளே இருந்தாள் என்ற சின்ன விவரத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, உட்காருவது, எழுந்திருப்பது என்ற இரண்டு காரியங்களோடு முடிந்துவிடும். இரண்டையும் யார் உதவியும் இல்லாமல் நானே செய்துவந்தேன்.

இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஒரு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் நிறுத்தினாள் என் மகள். அங்கே ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அவள் இன்னும் பட்டம் வாங்கவில்லை.

அந்த ஊரில் சாப்பாட்டுக் கடைகளை ஒரே கூரையின்கீழ் சேர்ப்பது நேற்று வந்த நாகரிகம் இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பாதியிலும் தெருவோரம் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களை எல்லாம் அரசாங்கம் குழாய்த் தண்ணீரும் வடிகாலும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றியது. 2016-ல் அப்படிப்பட்ட இரண்டு கடைகளுக்கு மிஷெலின் நட்சத்திரமே கிடைத்தது. 2020 டிசம்பரில் அந்த அங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பல்கலைக்கழகக் கூடம் அதன் படித்த வாரிசு: குளிர்சாதனம், உயரமான கூரை, மேசைக்கு மேசை மின்செருகி. எல்லாக் கடைக்காரரும் ஒரே வரிசையில், எல்லா நாட்டுச் சாப்பாடும் ஒரே வாசனையில். கோழிச்சோறு, நாசி லெமாக், கொரியக் குழம்பு, ஜப்பானியக் கறி என்று எங்கே திரும்பினாலும் படம் போட்டு வைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்தே எனக்குப் பாதி வயிறு நிறைந்தது. மீதிப் பாதியை விலைப்பட்டியல் நிரப்பியது. ஒரு வெள்ளி என்றால் நம் காசுக்கு அறுபது, எழுபது ரூபாய். ஒவ்வொரு தட்டையும் பெருக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மகள் என் உதடு அசைவதைப் பார்த்து, "அப்பா, கணக்கு போடாதீங்கப்பா" என்றாள்.

மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கு போடாதே என்றால் மூச்சு விடாதே என்றுதான் அர்த்தம்.

முதலில் இடம் பிடிக்க வேண்டும். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில், ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்குள் துண்டை வீசி மூன்று பேர் இருக்கையைப் பிடித்த கை இது. ஆனால் அந்தக் கூடத்தில் காலியாக இருந்த ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒரு சின்னக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். படித்த பிள்ளைகளுக்கு இவ்வளவு மறதியா என்று வருத்தப்பட்டு, நான்கைந்து பொட்டலங்களைத் திரட்டிக்கொண்டுபோய், மேசை துடைத்துக்கொண்டிருந்த பாட்டியம்மாவிடம் ஒப்படைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பொட்டலம்தான் அந்த ஊர்த் துண்டு என்று மகள் வந்து சொல்வதற்குள், சோற்றுத் தட்டும் கையுமாக நாலைந்து மாணவர்கள் தங்கள் மேசையைத் தேடிக் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தூணில் பலகை ஒன்று மாட்டியிருந்தது. மதிய நேரத்தில் இங்கே உட்கார்ந்து படிக்கக் கூடாது என்று. கூட்ட நேரத்தில் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஒரே காப்பியோடு நாலு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கான அறிவிப்பு அது. ஆனால் சோற்றை அள்ளும்போதுகூட "படிச்சியா?" என்று கேட்டே பெண்ணை வளர்த்தவன் நான். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே படிக்காதே என்று பலகை வைத்திருந்ததைப் பார்த்து மகள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் பார்க்காததுபோல நடந்தேன்.

என் மனைவி இதில் எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. நேராக இந்திய முஸ்லிம் கடைக்குப் போனாள். கடைக்காரர் கடையநல்லூர்க்காரர். தென்காசிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்திலேயே அங்கே போய் வேரூன்றிய குடும்பங்கள் நிறைய. "வாங்கக்கா, புரோட்டா கோசோங்கா, முட்டை போட்டா?" என்று அவர் கேட்டார். சும்மாவா, முட்டையோடா என்றுதான் கேள்வி. முட்டை போட்டதை வாங்கி, கூடவே மீன் குழம்பு இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றச் சொல்லி, அவருடைய மாமனார் ஊர் வரைக்கும் விசாரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் அப்போதும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 'மாலா' கடையில் நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கீரை, காளான், தாமரைக்கிழங்கு, மீன் உருண்டை, இறைச்சித் துண்டு எல்லாம் பச்சையாக அடுக்கியிருக்கும். இடுக்கியால் வேண்டியதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால், நிறுத்துப் பார்த்து விலை சொல்லி, மசாலாவில் புரட்டித் தருவார்கள். நிறுத்துப் பார்ப்பார்கள் என்ற செய்தி எனக்குக் கிண்ணம் கோபுரமான பிறகுதான் எட்டியது. தாமரைக்கிழங்கு இரும்பு கனம் கனத்தது. தராசு காட்டிய தொகையை ரூபாயாக்கிப் பார்த்தேன். நல்ல வேட்டி ஒன்று கரை போட்டு வாங்கலாம். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அந்தக் கடையில் நோட்டு வாங்குவதில்லையாம். மகள் தன் கைப்பேசியை ஒரு கட்டத்தின் மேல் காட்டினாள், பணம் போய்விட்டது. பெண்ணின் படிப்பு உதவித்தொகையில் அப்பன் கிழங்கு தின்ற சங்கதியை மனைவி புரோட்டாவைப் பிய்த்தபடியே கவனித்துக்கொண்டாள்.

"காரம் எவ்வளவு?" என்று சமையல்காரர் கேட்டார். சின்னது, நடுத்தரம், பெரியது. "சின்னது போதும்ப்பா" என்றாள் மகள். ஒரு தமிழனிடம், அதுவும் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்ட பரம்பரையில் வந்தவனிடம், சீனர் ஒருவர் இப்படிக் கேட்டதே எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. "பெரியது" என்றேன், தேசத்தின் சார்பாக.

முதல் வாய் நன்றாக இருந்தது. இரண்டாவது வாயில் காரம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். நாலாவது வாயில் உதடு காணாமல் போனது. தொட்டுப் பார்த்தேன், இருந்தது. ஆனால் அது என் உதடு என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. பக்கவாதம்தான் என்று முடிவு செய்து, வலது பக்கமா இடது பக்கமா என்று சோதித்தேன். இரண்டு பக்கமும். "ழுழுத்துக்கிச்சு" என்றேன்.

"பேச்சு வரலையா?" என்று கேட்டாள் மனைவி. அந்தக் குரலில் கவலையைவிட நம்பிக்கைதான் அதிகம் தெரிந்தது.

மகள் பதறவில்லை. விளக்கினாள். அது சிச்சுவான் மிளகு. பெயர்தான் மிளகு, நம் மிளகுக்கு உறவே இல்லை, எலுமிச்சை, நாரத்தை குடும்பம். மிளகாய் நாக்கிலுள்ள சூட்டு நரம்பைக் கிளப்பும். இதிலுள்ள சான்ஷூல் என்ற பொருளோ தொடு உணர்ச்சி நரம்பைக் கிளப்பும். லண்டனில் சிலர் உதட்டில் இதைத் தடவி ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டிருக்கிறார்கள்: நொடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வு போலத் தோன்றுமாம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். பணிக்காலம் முழுவதும் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் நாற்காலியிலேயே ஓய்வு பெற்றவனுக்கு, வாரியம் பாக்கி வைத்திருந்த ஷாக்கைத் தாமரைக்கிழங்கு கொடுத்தது.

நாக்கை அடக்க ஏதாவது குடிக்க வேண்டும். பக்கத்தில் தைவான்காரர்களின் கண்டுபிடிப்பான ஜவ்வரிசி டீ. சேலத்து ஜவ்வரிசியைப் பார்த்தவனுக்கு அந்தக் கறுப்பு உருண்டைகள் அதன் பெரியப்பாவாகத் தெரியும். சர்க்கரை எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள்: 0, 25, 50, 70, 100. பெண்ணை என்றைக்கும் நூற்றுக்கு நூறுதான் கேட்டிருக்கிறேன். எனக்கும் அதையே கேட்டேன். விலைப்பட்டியலில் அதற்கு நேரே ஒரு முத்திரை: 'டி'.

அந்த ஊரில் பானங்களுக்கும் தேர்வு முடிவு உண்டு. பெட்டியிலும் புட்டியிலும் வருபவைக்கு 2022 டிசம்பர் கடைசியிலிருந்து, கடையில் கலந்து தருபவைக்கு அதற்கு அடுத்த ஆண்டுக் கடைசியிலிருந்து. சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. டி வாங்கியதற்குக் கடைக்கு வெளியே விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. அந்த வளாகத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி 'டி' எடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மகள் சர்க்கரை போடாத தேநீர் வாங்கினாள். அதற்கு ஏ. வழக்கம்போல.

இவ்வளவும் தாங்கினேன். சாப்பிட்டு முடித்து, ஏப்பம் விட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து மூன்று அடி வைத்தேன்.

"என்னங்க, தட்டு."

எங்கள் இல்வாழ்க்கையில் இந்த இரண்டு சொற்கள் இந்த வரிசையில் வந்ததே இல்லை. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வேறு யாருடைய கணவரையாவது கூப்பிடுகிறாளோ என்று. மகள் சட்டம் படித்தாள். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில், 2022 ஜனவரியிலிருந்து காப்பிக்கடைகளிலும் உணவுக்கூடங்களிலும், சாப்பிட்ட தட்டைத் தாங்கியில் கொண்டுபோய் வைக்காமல் போவது குற்றம். முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை. இரண்டாவது தடவை 300 வெள்ளி அபராதம். கசக்கிப் போட்ட காகிதத்தைக்கூட மேசையில் விடக் கூடாது.

"முந்நூறு வெள்ளின்னா கிட்டத்தட்ட இருபதாயிரம்" என்றாள் மனைவி. இத்தனை நேரம் கணக்கே போடாதவள்.

தட்டை எடுத்தேன். "இதையும் சேர்த்து" என்று தன் தட்டை அதன்மேல் வைத்தாள். விறைப்பாக நடந்தேன். கிண்ணம் வழுக்கியது, குச்சிகள் உருண்டன, மாலா எண்ணெய் கரையைத் தாண்டி என் வேட்டிக்குக் கரை போட்டது. தாங்கி இருக்கும் இடத்துக்குப் போனால் அங்கே இரண்டு தாங்கி. ஹலால் கடைத் தட்டுகளுக்கு ஒன்று, மற்றவைக்கு ஒன்று. இரண்டும் கலக்கக் கூடாது. நானோ இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன். துடைக்கிற பாட்டியம்மா விரைந்து வந்தார். காகிதப் பொட்டல விவகாரத்தில் ஏற்கெனவே என் பெயர் அவரிடம் பதிவாகியிருந்தது. சீனத்தில் திட்டினார். எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் அந்தத் தொனியில் பேசுகிற ஒருவரோடுதான் இத்தனை காலமும் குடித்தனம் நடத்துகிறேன் என்பதால் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

இதை முழுவதும் மனைவி கைப்பேசியில் படம் எடுத்திருந்தாள். நான் திரும்பி வந்து உட்காருவதற்குள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாயிற்று. என் மைத்துனர் கும்பிடும் கைகள் நாலு அனுப்பியிருந்தார். அவர் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்த பிறகு அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஊர் திரும்பிய முதல் வேளைச் சாப்பாட்டில் பழைய பழக்கத்தில் எழுந்தேன். அடுத்த வேளைக்குள் குளிர்பதனப் பெட்டியின் மேல் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத்து எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. அபராதத் தொகையை ஓய்வூதியத்திலிருந்து பிடிப்பதாகப் பேச்சு. இப்போதெல்லாம் தட்டை நானே எடுக்கிறேன். சிங்கப்பூரில் வைப்பதோடு முடிந்தது. இங்கே கழுவவும் வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூருக்குப் புறப்படும் கணவன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, தாராளமாகப் போங்கள். கோழிச்சோறு சாப்பிடுங்கள். மாலாவில் சின்னக் காரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி டீயை இருபத்தைந்து சதவீதத்தில் வாங்குங்கள். ஆனால் சாப்பாட்டு வேளை வந்ததும் மனைவியை அங்குள்ள முஸ்தபா பேரங்காடி வாசலில் விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் தனியாகப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.