மைக்ரோமேனேஜர்: இயல்பும் பராமரிப்பும்

பெறுநர்: மனிதவளத் துறைத் தலைவர், பெரிய மென்பொருள் நிறுவனம், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பொருள்: மைக்ரோமேனேஜரின் இயல்பு, தோற்றம், பராமரிப்பு – தொடர்பாக.

பார்வை: ஒரே பொருள் குறித்து ஒரே காலையில் வந்த நான்கு நினைவூட்டல் மின்னஞ்சல்கள்.

மைக்ரோமேனேஜர் என்பவர் ஒரு வேலையைப் பத்துப் பேரிடம் ஒப்படைத்துவிட்டு, அதைப் பதினோராவது ஆளாகத் தாமும் செய்பவர். சோழிங்கநல்லூர் முதல் சிறுசேரி வரை உள்ள கண்ணாடிக் கட்டடங்களில் எல்லா மாடிகளிலும் இவரைக் காணலாம். எல்லா மெயிலிலும் தம்மை சிசியில் போடச் சொல்வார். போட்டபின், இத்தனை மெயில் ஏன் வருகிறது என்று கேட்பார். இவர் 'ஒரு குயிக் கால்' என்றால் முக்கால் மணி நேரம். எக்செல் தாளில் எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்பதில் உறுதியான கொள்கை உடையவர். அந்தத் தாள் யாருக்குப் போகிறது, எதற்குப் போகிறது என்பதில் அத்தகைய உறுதி காணப்படுவதில்லை. இவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்பது நிறுவனத்தின் விதி. அப்ரைசல் மாதத்தில் அந்த விதியை யாரும் பயன்படுத்துவதில்லை.

இவ்வகையினரின் மூதாதையாகப் பொதுவாகக் காட்டப்படுபவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் நிறுத்துக் கடிகாரம் கொண்டு அளந்து, வேலை செய்யும் முறையை நிர்வாகமே வகுத்துத் தர வேண்டும் என்பது அவர் கொள்கை. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்பு சுமந்தவரை 47.5 டன் சுமக்க வைத்ததாக 1911இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் கடிகாரத்தைக் கண்ட வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. சில ஆண்டுகளில் அரசு ஆலைகளில் அக்கடிகாரத்துக்குத் தடையும் வந்தது. டெய்லருக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும்: அவர் கடைசியில் இரும்பை எடை போட்டுப் பார்த்தார்.

இன்றைய கடிகாரம் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் பெயருக்கு அருகே பச்சைப் புள்ளியாக இருக்கிறது. ஐந்து நிமிடம் கணினியைத் தொடாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். யோசித்துக்கொண்டிருப்பவரும் தூங்கிக்கொண்டிருப்பவரும் அதற்கு ஒரே மஞ்சள்தான். இதனால் மவுஸைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிக்குச் சந்தை பிறந்தது. விசைப்பலகை இயங்குவதாகப் பொய்யாகக் காட்டியதற்காக 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பத்துப் பேருக்கு மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பியது. விசைப்பலகையின் அசைவை வேலை என்று எண்ணத் தொடங்கியதற்காக எவரும் அனுப்பப்பட்டதாகத் தெரியவில்லை.

மைக்ரோமேனேஜரின் கையில் நல்ல கருவியும் அவர் வழிக்கு வந்துவிடும். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கே முதலிடம் என்று அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அந்த வழியில் நிற்கும் ஸ்க்ரம் முறையில் தினசரிக் கூட்டம் 15 நிமிடம். அது வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் அது ஒவ்வொருவராகக் கணக்கு ஒப்புவிக்கும் ஸ்டேட்டஸ் கால் ஆகிவிட்டது. மாலையில் இன்னொன்று. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் நாளென்றால், அந்தக் காலில் என்ன பேசுவது என்று பேச முன்னதாக ஒரு கால்.

பராமரிப்பு முறைகள் பல வழக்கில் உள்ளன. அவற்றுள் மூத்தது திருஷ்டிப் பொட்டு முறை. குழந்தையின் கன்னத்தில் மை வைப்பதுபோல, முடித்த வேலையில் கண்ணில் படும்படி ஒரு பிழையை விட்டுவைப்பது. மேலாளர் அதைக் கண்டுபிடிப்பார், திருத்தச் சொல்வார், மனநிறைவடைவார்; மற்றதெல்லாம் தப்பிக்கும். இது தமிழர் மட்டும் கண்ட வழியல்ல. பேட்டில் செஸ் என்ற கணினி விளையாட்டில் ராணிக்கு வேண்டுமென்றே ஒரு வாத்தைச் சேர்த்து, அதை மட்டும் நீக்கச் சொல்லும் உத்தரவை ஓர் ஓவியர் வாங்கிக்கொண்டார் என்பது மென்பொருள் துறையில் வழங்கும் கதை. ஆபத்தும் உண்டு: மேலாளர் சில சமயம் பொட்டைப் பாராட்டிவிடுவார்.

உண்மையில் பலன் தருவது முந்திக்கொள்ளும் முறை. காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் நிலவரம் தானாக வரும் என்று ஆகிவிட்டால், இடையில் வரும் கேள்விகள் சில வாரங்களில் குறைகின்றன. வாயால் சொன்ன உத்தரவை மெயிலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்வதும் இதில் அடங்கும். 'யார் இப்படிச் செய்யச் சொன்னது' என்ற கேள்விக்கு அதுவன்றி வேறு மருந்தில்லை.

இவ்வளவு பராமரிப்பு தேவைப்படும் ஒருவர் எப்படி உருவாகிறார் என்பதில் மனிதவளத் துறைக்கும் பங்குண்டு. நன்றாக நிரல் எழுதியவரை, அதற்குப் பரிசாக, நிரல் எழுதாத பதவியில் உட்கார வைப்பது துறையே. திறமை தீரும் படி வரை மனிதர் உயர்த்தப்படுகிறார் என்று லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் 1969இலேயே புத்தகம் போட்டுவிட்டார்கள். அப்படி உட்கார்ந்தவர், தமக்குத் தெரிந்த ஒரே வேலையை அடுத்தவர் திரையில் செய்து பார்க்கிறார். அவர் தலைக்கு மேல் டெலிவரி தலைவர் மணிக்கொரு முறை கேட்கிறார். அவரிடம் வாடிக்கையாளர் கேட்கிறார். பயம் மேலிருந்து கீழே எக்செல் தாளாக இறங்குகிறது. விட்டுப் போகிறவர் மூன்று மாத நோட்டீஸ் முடிந்த கடைசி நாளில், எக்ஸிட் இன்டர்வியூ படிவத்தில் 'சிறந்த வாய்ப்பு' என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறார். அனுபவச் சான்றிதழ் இன்னும் கைக்கு வராத நிலையில் வேறு கட்டத்தில் அடிப்பவர் அரிது. துறை அதைத் தொகுத்து, ஆட்கள் சம்பளத்துக்காகப் போகிறார்கள் என்று அறிக்கை தருகிறது.

ஆகவே, ஆள் மேய்க்காமலே சம்பளமும் பதவியும் உயரும் வழியைத் தொழில்நுட்பக்காரர்களுக்குத் திறந்துவிடுமாறும், மேலாளரின் அப்ரைசலில் அவருக்குக் கீழ் இருப்பவர்களையும் பெயர் வெளியிடாமல் கேட்குமாறும், அந்தக் கேள்வியைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதிருக்குமாறும் துறை கேட்டுக்கொள்ளப்படுகிறது.

நகல்: சம்பந்தப்பட்ட மேலாளருக்கு அனுப்பப்படவில்லை. அனுப்பினால் எழுத்துருவை மாற்றச் சொல்லித் திருப்பிவிடுவார்.