தலைமையாசிரியையின் கணவர்

ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு சத்துணவுக்கூடம், ஒரு வேப்பமரம் என்ற அளவில் முடிந்துவிடும் நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில், அவ்விரண்டு ஆசிரியர்களும் தம்பதிகளாகவே வாய்த்துவிடும் விசித்திரம் அங்கங்கே நிகழ்வதுண்டு. அவர்களுள் அம்மையார் பணிமூப்பினால் தலைமையாசிரியையாகவும், ஐயா இடைநிலை ஆசிரியராகவும் அமர்ந்துவிட்டாலோ, அபூர்வமான ஒரு மனிதர் உருவாகிறார். மனைவி அதிகாரி என்றதும் நம் ஹாஸ்ய எழுத்தாளர்கள் பூரிக்கட்டையைத் தேடுவார்கள். அதற்கு இங்கே வேலையில்லை. இவரை ஆட்டிவைப்பவை எல்லாம் பதிவேடுகள்தாம்.

வீட்டு வாசலில் 'என்னங்க'வாக இருந்தவர், பள்ளி வாசலில் 'சார்' ஆகிறார். அவர் வாயிலும் 'ஏம்மா' மறைந்து 'டீச்சர்' உதயமாகிறது. இந்த ரூப பேதத்தை இருவரும் அனுஷ்டிக்கும் சிரத்தை அபாரமானது. ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு, மறுவாரத்துப் பாடக்குறிப்பில் ஒரு வரிகூட எழுதாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் கணவரைப் பார்த்து, "போதும், படுங்க, காலையில் பார்த்துக்கலாம்" என்று பரிவோடு விளக்கை அணைக்கும் அதே அம்மையார், திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், "பாடக்குறிப்பு எங்கே சார்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் வஞ்சகம் இல்லை. முந்திய இரவில் விளக்கணைத்தவர் வேறொருவர் என்றே அவர் மனப்பூர்வமாக நம்புகிறார்.

விடுப்பு விஷயம் இன்னும் நுட்பமானது. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். அதுவும் உரிமையன்று, சலுகையே. மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்படி இரவில் பணிக்கப்பட்டவர், காலையில் 'தவிர்க்க இயலாத சொந்த அலுவல் காரணமாக' என்று விண்ணப்பம் எழுதிப் பணித்தவரிடமே நீட்டவேண்டும். அவரும் அதைப் புதிய செய்தி போலப் படித்து, சற்று யோசித்து, கையொப்பமிடுவார். இருவரும் ஒரே நாளில் விடுப்பெடுத்தால் பள்ளிக்கு ஆளில்லை. ஆகையால் உறவினர் கல்யாணங்களில் இவர்கள் ஜோடியாகக் காட்சியளிப்பது விடுமுறை நாள் முகூர்த்தங்களில் மட்டுமே.

ஒருநாள் இவர் தாமதமாக வந்துவிட்டார். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை பிறந்தது. "மேற்படி நாளில் தலைமையாசிரியை அவர்களை வண்டியில் அழைத்துவர நேர்ந்தமையால் தாமதம் ஏற்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று இவர் எழுதிக் கொடுத்தார். 17(அ), 17(ஆ) என்ற ஒழுங்கு நடவடிக்கை விதிகளைக் கரைத்துக் குடித்த அம்மையார், சிறு தண்டனைக்கும் பெருந்தண்டனைக்கும் இடையே சிறிது ஊசலாடிவிட்டு, 'விளக்கம் ஏற்கப்பட்டது. இனி இவ்வாறு நேரலாகாது' என்று எழுதினார். எச்சரிக்கை யாருக்கு என்பது அக்கோப்பில் தெளிவாக இல்லை.

கணவர் மேலே, மனைவி கீழே என்ற மறுதலை அமைப்பில் எனக்கு அத்தனை சுவாரஸ்யம் இல்லை. அங்கே கையொப்பம் மட்டுமே கணவருடையது. 1903-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற மேரி கியூரியே, மறுவருஷம் சார்போனில் பேராசிரியரான தம் கணவரின் ஆய்வுக்கூடத்துக்குப் பணித்தலைவராக நியமனமாகி, அவருக்குக் கீழே சம்பளம் வாங்கினார். பாவம், பாடக்குறிப்புத் தொல்லை மட்டும் அவருக்கு இல்லை.

நம் ஆசிரியருக்கோ ஒரு சோதனை வந்தது. எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளிக்கு இவரையே தலைமையாசிரியராக்கும் பதவி உயர்வுப் பட்டியல் வெளியாயிற்று. இனி விடுப்பு கேட்க வேண்டாம், விளக்கம் எழுத வேண்டாம், சிவப்பு மையால் பிறர் குறிப்பேட்டில் தாமே கையொப்பமிடலாம் என்று நண்பர்கள் கொண்டாடினார்கள். இவர் இரண்டு நாள் மௌனமாக இருந்துவிட்டு, சொந்தக் காரணங்களால் பதவி உயர்வைத் துறப்பதாக விண்ணப்பம் எழுதி, முறைப்படி, தலைமையாசிரியை வழியாகவே சமர்ப்பித்தார். அம்மையார் அதை இருமுறை படித்தார். காற்புள்ளி ஒன்றைத் திருத்தினார். 'பரிந்துரை செய்து மேலனுப்பப்படுகிறது' என்று எழுதி முத்திரை குத்தினார்.